அஞ்சார் கடைத்தெருவும் நம்ம டவுன் முடுக்குகளும்: பூமி அதிர்ந்தால் தெருவில் நிற்பவர்கள் கதி என்ன?

டவுன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குஜராத்தில் கட்ச் மாவட்டத்தில் அஞ்சார் என்று ஓர் ஊர். 2001 ஜனவரி 26 காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடியரசு தின ஊர்வலமாக அந்த ஊரின் பழைய தெரு வழியே போய்க்கொண்டிருந்தார்கள். மணி 8.46 இருக்கும்போது பூமி அதிர்ந்தது. இரண்டு பக்கத்து வீடுகளும் ஊர்வலத்தின் மேலேயே சரிந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2022-இல் அவர்களுக்கு அங்கே நினைவிடம் திறந்திருக்கிறார்கள்.

கட்ச் பூகம்பம் என்றதும் எல்லோரும் புஜ் நகரத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அஞ்சார்தான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அந்தப் பிள்ளைகள் எந்தக் கட்டடத்துக்குள்ளும் இல்லை. "ஆட்டம் கண்டால் வெளியே ஓடு" என்று நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அந்த வெளியில்தான் நின்றார்கள். தெரு ஒடுக்கம், வீடு உயரம். ஒதுங்க இடமில்லை.

இப்போது நம்ம திருநெல்வேலி டவுனை நினைத்துப் பாருங்கள். நெல்லையப்பர் தேர் ஓட வேண்டும் என்பதால் நாலு ரத வீதிகளும் அகலமாகத் தப்பித்து நிற்கின்றன. அதிலிருந்து பிரிகிற முடுக்குகளில் எதிரும் புதிருமாக இரண்டு பைக் வந்தால் ஒன்று நின்றுதான் போக வேண்டும். அந்த முடுக்குகளில் சுண்ணாம்புக் காரை வீடுகளின் தலையில் காங்கிரீட் மாடி ஏற்றியிருக்கிறோம். மாடி மேல் கைப்பிடிச் சுவர், அதன் மேல் தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம் வரைக்கும் போயாச்சு.

எங்கள் வீட்டு விஷயமும் இதில் இருக்கிறது. அப்பா காலத்து வீட்டை இடித்துவிட்டு, கீழே கார் நிறுத்த இடம், மேலே மூன்று மாடி என்று கட்டத் தம்பி ஆசைப்படுகிறான். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாரல்காற்று எழுதியது:

தென்காசியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் நம் பக்கம் இருப்பது பழைய கெட்டிப் பாறை. நிலநடுக்க வரைபடத்தில் நாம் இரண்டாம் மண்டலம், இருப்பதிலேயே ஆபத்து குறைவான வகை. நமக்கு நிஜமான எதிரி தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18-ஐ மறந்துவிட்டோமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஜங்ஷன் பேருந்து நிலையம் மூழ்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். கையில் இருக்கிற பணத்தை வடிகாலுக்குச் செலவழிப்பதா, என்றோ வரப்போகிற பூகம்பத்துக்குச் செலவழிப்பதா?

பாளை சைட் இன்ஜினியர் எழுதியது:

சாரல்காற்று சார், வடிகால் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் "கெட்டிப் பாறை" என்கிற வாதத்துக்கு மகாராஷ்டிரத்து லாத்தூர் மக்கள் பதில் சொல்லிவிட்டார்கள். 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன்பு கில்லாரி பகுதியில் 6.2 அளவில் அதிர்வு. அதுவும் தக்காணப் பாறைதான். அன்றைய வரைபடத்தில் அது ஒன்றாம் மண்டலம், அதாவது இன்று நாம் இருப்பதைவிடக் கீழே. பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து படுத்த ஊர், ஏறக்குறைய 10,000 பேரை இழந்தது. அதற்குப் பிறகு 2002-இல் நிலநடுக்கக் கட்டட விதிகளில் திருத்தம் வந்தபோது ஒன்றாம் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் சுமார் 6 அளவில் ஒன்று வந்திருக்கிறது. 2000 டிசம்பரில் கேரளத்தில் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் 5 அளவில் ஒன்று. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் முழுவதும் மூன்றாம் மண்டலம். உங்கள் தென்காசி, செங்கோட்டை வழியாக அச்சன்கோவில் பிளவு மண்டலம் போகிறது. மிகப் பழையது, பயப்படச் சொல்லவில்லை. கட்ச் அளவு 7.7 இங்கே வரும் என்றும் சொல்லவில்லை. ஆனால் கில்லாரி அளவு ஒன்று தீபகற்பத்தில் எங்கே வேண்டுமானாலும் வரலாம் என்று கணக்கில் வைத்துத்தான் கட்ட வேண்டும்.

அப்புறம், கில்லாரியில் ஆளைக் கொன்றது வீடுதான். மண் சாந்தில் அடுக்கிய கருங்கல் சுவர், மேலே கனத்த மண் கூரை. சுவர் பார்க்கத் தடிமனாக இருக்கும். உண்மையில் அது உள் அடுக்கு ஒன்று, வெளி அடுக்கு ஒன்று, நடுவில் சல்லி. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற நீளக்கல் இல்லை. ஆட்டத்தில் வெளி அடுக்கு வெளியே புடைத்து விழுகிறது, கூரை உள்ளே இறங்குகிறது. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் பழைய வீட்டை இடிக்கும்போது சுவரின் வயிற்றைப் பார்த்திருக்கிறீர்களா? பல வீடுகளில் இதே கதைதான்.

கண்ட்லா பழனி எழுதியது:

நான் அம்பைக்காரன். அப்போது கண்ட்லா துறைமுகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன், குடியிருப்பு காந்திதாமில். அன்று விடுமுறை.

முதலில் சத்தம். லாரி ஏதோ சுவரில் மோதிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் நிற்க முடியவில்லை. ஒரு நிமிஷத்துக்கும் மேல் ஆடியது. வெளியே வந்தபோது எதிர்வீடு தெரியவில்லை, அவ்வளவு தூசி. எங்கள் தெருவில் தனி வீடுகள் விரிசலோடு நின்றன. மூன்று நாலு மாடிக் குடியிருப்புகளில் சில அப்படியே உட்கார்ந்துவிட்டன. மேல்மாடி முழுசாக இருக்கும், ஜன்னல் கம்பியில் துணி காயும். கீழ்த்தளம் மட்டும் இல்லை. துறைமுகத்தில் ஈர மணல் குழம்பாகிப் பொங்கியது. கடலோரம் இருந்த துறைமுக, சுங்க அலுவலகக் கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றதைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது இடியவில்லை, சாய்ந்ததோடு நின்றது.

புஜ் நகரத்துக்கு இரண்டு நாள் கழித்துப் போனோம், சாமான் இறக்க. கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய ஊரில் தெரு எது வீடு எது என்று தெரியவில்லை. இரண்டு பக்கத்துக் கல்லும் நடுவில் கொட்டி முதல் மாடி உயரத்துக்கு மேடாகிக் கிடந்தது. இயந்திரம் எதுவும் உள்ளே போகாது. கையால் கல் கல்லாக எடுத்தார்கள். அரசு மருத்துவமனையே விழுந்துவிட்டது. காயம்பட்டவர்களை ஜூபிலி மைதானத்தில் கிடத்தி வைத்தியம் பார்த்தார்கள். தொலைபேசி கிடையாது. கட்சுக்குள் வருகிற சூரஜ்பாரி பாலத்திலும் சேதம், வண்டிகள் ஊர்ந்துதான் வந்தன. ஜனவரிக் குளிர் வேறு. நின்ற வீட்டுக்குள்ளும் யாரும் படுக்கவில்லை. பின்னதிர்வு மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது.

டவுன்வாசி தம்பி, உங்கள் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். கீழே வெறும் தூண், மேலே சுவர் வைத்த வீடு: அதைத்தான் நான் அங்கே உட்காரப் பார்த்தேன்.

மணிநகர் தமிழன் எழுதியது:

பழனி அண்ணாச்சி சொல்வதற்கு அகமதாபாத்தே சாட்சி. பூகம்ப மையம் பச்சாவு பக்கம், இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால். இருந்தும் இந்த நகரத்தில் 700 பேருக்கு மேல் போனார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்துவிட்ட அடுக்குமாடிகள். எத்தனையோ நூற்றாண்டு பழைய போள் (பழைய நகரத்துச் சந்துக் குடியிருப்பு) வீடுகள், மரச்சட்டம் போட்டவை, பக்கத்திலேயே நின்றன. சபர்மதி வண்டல் மண் ஆட்டத்தைப் பெரிதாக்கியது என்கிறார்கள். மண்ணின் மேல் மட்டும் பழி போட்டுவிட முடியாது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே மண்ணில் ஒன்று விழுந்தது, ஒன்று நின்றது.

நெல்லையில் பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் என்று இப்போது எழும்புகிற அடுக்குமாடிகளை ஊருக்கு வரும்போதெல்லாம் பார்க்கிறேன். எல்லாம் அதே அச்சு.

பாளை சைட் இன்ஜினியர் எழுதியது:

இதை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் டவுன்வாசி வீட்டுக்கு இதுதான் முக்கியம்.

மேல் மாடிகளில் அறைக்கு அறை செங்கல் சுவர் இருக்கிறது. கணக்கில் அதை நாம் சேர்ப்பதில்லை. ஆனால் ஆடும்போது அந்தச் சுவர்கள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மாடியை விறைப்பாக்குகின்றன. கீழே சுவரே இல்லை. மொத்த ஆட்டமும் கீழ்த்தளத் தூண்களின் தலையிலும் காலிலும் போய்ச் சேர்கிறது. அந்த இடத்தில், தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங்கு நெருக்கமாக இருந்தால் காங்கிரீட் நொறுங்கினாலும் கம்பிக்கூடு பிடித்து நிற்கும். நம் ஊர் வழக்கம் என்ன? மேலிருந்து கீழ் வரை ஒரே இடைவெளி, எட்டு இஞ்ச். முனையை 90 டிகிரியில் மடக்கிவிடுவார்கள். மேல்பூச்சு உதிர்ந்ததும் அந்தக் கொக்கி விரிந்துகொள்ளும். முனையை 135 டிகிரிக்கு மடக்கி உள்ளே குத்தி நிறுத்த வேண்டும், தூணின் இரு முனையிலும் ரிங்கு நாலு இஞ்ச் இடைவெளிக்குள் இருக்க வேண்டும். மூன்றாம் மண்டலத்திலிருந்து இது கட்டாயம். நமக்குக் கட்டாயம் இல்லை என்பதால் யாரும் கேட்பதில்லை. கம்பி கட்டுகிறவருக்குச் சொல்லிக் கொடுத்தால் ஒரே நாளில் பழகிக்கொள்கிறார், நான் செய்து பார்த்திருக்கிறேன்.

நிலநடுக்கக் கட்டட விதிகளின் 2002 பதிப்பில், இப்படித் திறந்த தளத்தின் தூண்களை 2.5 மடங்கு விசைக்குக் கணக்குப் போடச் சொன்னார்கள். குஜராத் கற்றுக்கொடுத்த பாடம். காங்கிரீட் சுவர் இரண்டு பக்கமும் சமமாக வருகிற மாதிரி நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது. மேல்தொட்டியைத் தூணின் மேல் உட்கார வையுங்கள், மட்டப்பாவின் (மொட்டைமாடித் தளம்) ஓரத்தில் வேண்டாம்.

பொதுச்சுவர் இன்னும் பெரிய விஷயம். இரண்டு வீட்டு உத்திரமும் அந்த ஒரே சுவரில் ஏறி நிற்கும். வரிசையாக இருக்கும்வரை வீடுகள் ஒன்றையொன்று தாங்கும். நடுவில் ஒன்றைப் பிடுங்கினால் இரண்டு பக்கமும் புதிதாக ஓரத்து வீடு உண்டாகிறது. ஆட்டம் வந்தால் ஓர வீட்டுக்குத்தான் முதல் அடி. அடி விழ நிலநடுக்கமே தேவையில்லை, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதே பக்கத்துச் சுவர் இறங்கிய வீடுகள் பாளையில் உண்டு. முட்டுக் கொடுக்காமல் இடிக்கவே கூடாது.

வளவுவீட்டு வள்ளி எழுதியது:

நான் மேலப்பாளையம் பக்கம் ஒரு வளவில் வாடகைக்கு இருக்கிறேன். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம். வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். தார்சாவின் (முன்கூடம்) மேல் விரிசல் விட்டு இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். நீங்கள் எல்லோரும் இடித்துக் கட்டுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். என்னைப் போன்றவர்கள் எதை இடிப்பது, எதைக் கட்டுவது? புஜ்ஜில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

2021 டிசம்பரில் நம் நெல்லையிலேயே ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் சரிந்து மூன்று மாணவர்கள் செத்தார்கள். பூமி ஆடவில்லை, ஒன்றுமில்லை. சுவர் விழுந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். வீடுகளைக் கணக்கெடுக்க யாரும் வரவில்லை.

மணிநகர் தமிழன் எழுதியது:

வள்ளி அக்கா, உண்மையைச் சொல்வதென்றால் வாடகைதாரர்கள்தான் அங்கே ரொம்பக் கஷ்டப்பட்டார்கள். வீடு கட்டும் உதவித்தொகை உடைமைக்காரர் பெயருக்குப் போனது. பழைய ஊருக்குள் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்தவர்களுக்குத் திரும்பி வர வீடில்லை. ஊருக்கு வெளியே ராவல்வாடி, முந்த்ரா சாலை என்று புதுக் குடியிருப்புகள் போட்டார்கள், போனவர்கள் போனார்கள்.

உடைமைக்காரர்கள் விஷயத்தில் குஜராத் செய்தது எனக்குப் பிடித்தது. வீட்டைக் கட்டிக் கையில் கொடுக்காமல் பணத்தை மூன்று தவணையாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் பொறியாளர் வந்து சுவரைச் சுற்றிப் பிடிக்கிற பெல்ட் போட்டிருக்கிறதா, கம்பி சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கொத்தனார்களுக்கு ஆயிரக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பொறியாளர் கையெழுத்தைத்தான் நான் இன்றைக்கும் பெரிதாக நினைக்கிறேன்.

அகலத் தெருவுக்கும் விலை கொடுத்தார்கள். புஜ் கோட்டைக்குள் இருந்த மனைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் புதிதாகப் பங்கிட்டார்கள். மிகச் சிறிய மனையில் கை வைக்கவில்லை. பெரிய மனை வைத்திருந்தவர் பெரிய பங்கைத் தெருவுக்கு விட்டார். திரும்பக் கட்டும்போது இரண்டு தளத்துக்கு மேல் அனுமதி இல்லை. ஆனால் அந்தத் திட்டம் முடியும்வரை யாரையும் கட்ட விடவில்லை. தகரக் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள்.

ரதவீதி ராஜி எழுதியது:

இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாராவது டவுனை இடித்து அகலப்படுத்து என்று மனுக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று பயமாக இருக்கிறது. புஜ்ஜில் தெரு அகலமானது. சந்துக்குச் சந்து ஒன்றாக வாழ்ந்த ஜனம் எங்கெங்கோ சிதறியதும் நடந்தது. என் பாட்டி வீட்டு முடுக்கில் ஒரு வீட்டில் தாளிக்கிற வாசம் அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிடும், யாருக்கு உடம்பு சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதை அழித்துப் பாதுகாப்பு வாங்க வேண்டுமா? உயரத்தைக் குறைத்தால் போதாதா? கட்ச்சிலேயே பன்னிப் பகுதியில் வட்ட வடிவ மண் வீடுகள், அந்த ஊர்ப் பேச்சில் 'புங்கா' என்பார்கள், சுவர் வட்டமாகவும் கூரை லேசாகவும் இருந்ததால் நன்றாகவே தாக்குப்பிடித்தன. பழசு எல்லாம் ஆபத்து என்று சொல்லிவிடாதீர்கள்.

டவுன்வாசி எழுதியது:

ராஜி அக்கா, முடுக்குகளை இடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. என் கேள்வி சின்னது. தெருவில் நடக்கிறவன் தலைக்கு மேலே நாம் எதை எல்லாம் தொங்கவிட்டிருக்கிறோம்? வீட்டுக்குள் விரிசல் வந்தால் அது என் பாடு. என் கைப்பிடிச் சுவர் விழுந்தால் அது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பாடு. ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியின் இரண்டு பக்கமும் மொட்டைமாடியில் எவ்வளவு கூட்டம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறது, கீழே எவ்வளவு கூட்டம் நிற்கிறது. அந்தச் சுவர்களில் எத்தனைக்குக் கம்பி இருக்கிறது?

வழியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். டவுனிலிருந்து பாளையில் இருக்கிற ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக ரயில் பாதையைத் தாண்ட வேண்டும், அப்புறம் ஆற்றைத் தாண்ட வேண்டும். 1973-இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலமும், 1843-இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்துப் பக்கமும்தான் நம் நாடி. 2023 வெள்ளத்தில் ஜங்ஷன் மூழ்கியபோதே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனி ஊராகிவிட்டன. ஆகவே சாரல்காற்று சார் சொல்கிற வெள்ளமும் நான் சொல்கிற நடுக்கமும் ஒரே இடத்தில்தான் நம்மைப் பிடிக்கும். ஆற்றுக்கு இந்தப் பக்கமே ஒரு மைதானமும் மருத்துவர்களும் மருந்தும் இருந்தாக வேண்டும். பாளையில் வ.உ.சி. மைதானம் இருக்கிறது. டவுனில் பொருட்காட்சித் திடலை விட்டால் வேறு எது?

சாரல்காற்று எழுதியது:

ஆஸ்பத்திரி, பாலம் விஷயத்தில் உங்களோடு இருக்கிறேன். வெள்ளத்துக்கும் அது வேண்டும். புஜ்ஜில் விழுந்த மருத்துவமனையை அப்புறம் எப்படிக் கட்டினார்கள்?

பாளை சைட் இன்ஜினியர் எழுதியது:

புது மருத்துவமனையை ஈயமும் ரப்பரும் சேர்ந்த தாங்கிகளின் மேல் உட்கார வைத்தார்கள். நிலம் ஆடினாலும் அந்தத் தாங்கிகள் வளைந்துகொடுத்து மேலே இருக்கும் கட்டடத்துக்கு ஆட்டத்தைக் குறைத்து அனுப்பும். நியூசிலாந்துத் தொழில்நுட்பம். இந்தியாவில் மருத்துவமனைக்கு அப்படிச் செய்தது அதுதான் முதல்.

நமக்கு அவ்வளவு தேவையில்லை. வள்ளி அக்கா வளவுக்கு வருகிறேன். இடிக்காமலே செய்யக்கூடியது உண்டு. மேல்சுமையைக் குறைக்க வேண்டும். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய கட்டைக்குத்து மட்டப்பாவில் ஒழுகும்போதெல்லாம் ஒரு அடுக்குச் சாந்து, அதன் மேல் தட்டோடு, அதன் மேல் இன்னொரு அடுக்கு என்று பூசிப் பூசிக் கூரையின் கனம் ஏறிக்கொண்டே போயிருக்கும். பழையதைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். உத்திரக்கட்டை சுவரில் சும்மா உட்கார்ந்திருந்தால் இரும்புப் பட்டை அடித்துச் சுவரோடு பிடிக்க வேண்டும். நாலு மூலையிலும், கதவு நிலைக்கு மேல் மட்டத்திலும் சுவரைச் சுற்றிக் கம்பிவலை வைத்துச் சிமெண்டுப் பூச்சால் ஒரு பெல்ட் போடலாம். லாத்தூர்ப் பக்கம் நின்ற வீடுகளை இப்படித்தான் பலப்படுத்தினார்கள். தார்சா விரிசல் மூலையிலிருந்து சாய்வாகப் போகிறதா, நேராக மேலே போகிறதா? படம் போடுங்கள்.

வளவுவீட்டு வள்ளி எழுதியது:

சாய்வாகத்தான் போகிறது. மூலையில் விரல் நுழையும். படம் இன்று சாயங்காலம் போடுகிறேன்.

கண்ட்லா பழனி எழுதியது:

வள்ளிம்மா, விரல் நுழைகிறது என்றால் அந்த மூலையில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள், இன்றைக்கே கட்டிலை மாற்றுங்கள். அதோடு வாடகை ரசீது, மின்கட்டண அட்டை, ரேஷன் அட்டை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் ஒன்று வையுங்கள். காந்திதாமில் எங்களுக்கு யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று நிரூபிக்கவே படாத பாடு. 2023-இல் ஆற்றோரத்துக்காரர்களும் ஈரத்தில் கரைந்த பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றார்கள்.

இன்னொன்று. எங்கள் தெருவில் முதல் நாள் உயிரோடு எடுத்தவர்களை எல்லாம் எடுத்தது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். ராணுவம் வந்தது அப்புறம். எந்த அறையில் பாட்டி படுப்பாள், எந்தப் பக்கம் மாடிப்படி என்று அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. ராஜி சொல்கிற அந்த முடுக்குப் பழக்கம் அங்கே உயிரைக் காத்தது. அது இருக்கட்டும். கைப்பிடிச் சுவரை மட்டும் சரி பண்ணுங்கள்.

டவுன்வாசி எழுதியது:

தம்பியிடம் இந்த இழையை அப்படியே படிக்கக் கொடுத்தேன். கார் நிறுத்தத்தைப் பின்பக்கம் புறவாசலுக்கு மாற்றினால் முன்பக்கம் சுவர் வைத்தே கட்டலாம் என்று அவனே சொல்கிறான். மூன்று மாடிக்குப் பதில் இரண்டு என்பதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தையிடம் பொதுச்சுவரைப் பற்றிப் பேசிவிட்டோம், அவர் பக்கத்து உத்திரம் எந்த இடத்தில் ஏறுகிறது என்று உள்ளே வந்து பார்க்க விட்டார். நம் சுவருக்குள் முக்கால் அடி வந்திருக்கிறது.

பாளை சைட் இன்ஜினியர் எழுதியது:

முக்கால் அடி என்றால் உங்கள் பக்கத்துப் பாதியை மட்டும் வெட்டி எடுக்க முடியாது. சுவரை அப்படியே விட்டுவிட்டு, உங்கள் புதுத் தூண்களை அரை அடி தள்ளி உங்கள் மனைக்குள்ளேயே நிறுத்துங்கள். இரண்டு கட்டடமும் ஆடும்போது ஒன்றோடொன்று மோதாமல் இருக்கவும் அந்த இடைவெளி வேண்டும். அத்தை வீட்டு உத்திரங்களின் வரிசையையும், கிணறோ தொட்டியோ இருந்தால் அதன் இடத்தையும் ஒரு தாளில் வரைந்து தனிச்செய்தியில் அனுப்புங்கள். வள்ளி அக்கா படத்தையும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு இடத்துக்கும் நேரில் வருகிறேன்.